ஒட்டுப்பாலும் பென்சில் கரியும்

எட்டியாந்தோட்டைப் பக்கம், ரப்பர் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நான் படித்தபோது மின்சுற்று என்றால் கரும்பலகையில் ஒரு நீள்சதுரம்தான். அதை அழகாக வரைந்து புள்ளி வாங்கினேன். ஒரு பல்பைக்கூட எரியவைத்துப் பார்த்ததில்லை. என் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவிடமாட்டேன்.

தரம் 6 பிள்ளைகளிடம் ஒரு டோர்ச் பல்ப், ஒரு பற்றரி, இரண்டு துண்டு வயர் கொடுப்பேன். படம் காட்டமாட்டேன். முக்கால்வாசிப் பேர் இரண்டு வயரையும் பல்பின் அடிப்பொட்டிலேயே வைத்து அழுத்துவார்கள். எரியாது. "டீச்சர், வயர் சுடுது!" என்று ஒரு குரல் வரும். பல்புக்குள் ஏறாமலே மின்னோட்டம் குறுக்கு வழியில் திரும்பிவிட்டது என்று அப்போது சொன்னால்தான் மனதில் பதியும். பிறகு யாரோ ஒரு வயரைப் பக்கத்துத் தகரத்துக்கு நகர்த்துவார்கள். வெளிச்சம்! உள்ளேயிருக்கும் மெல்லிய கம்பியின் ஒரு நுனி அடிப்பொட்டில், மறுநுனி அந்தத் தகரத்தில். போகவும் திரும்பவும் வழி வேண்டும்.

அடுத்து, சுற்றை ஓரிடத்தில் அறுத்து இடையில் எதையாவது வைக்கச் சொல்வேன். கரண்டி, காசு, இலை. ஒருமுறை ஒரு பையன் காற்சட்டைப் பையிலிருந்து ஒட்டுப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, எடுத்து வைத்தான். பல்ப் எரியவில்லை. "எங்கம்மா வெட்டுற பாலுலயா டீச்சர் கரண்டு போகாது?" மின்வேலைக்காரர் ரப்பர் கையுறை போடுவது அதனால்தான் என்றேன். அன்று முழுக்க அவன் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தான்.

இரண்டு பக்கமும் சீவிய பென்சிலை வைத்தால் வேறு கதை. இரண்டு பற்றரி போட்டால் மங்கலாக எரியும். பென்சிலைப் பிளந்து வயர்களை நெருக்கினால் வெளிச்சம் கூடும். பென்சிலுக்குள் இருப்பது களிமண் கலந்த காரீயம் (கிரபைட்). உலோகமாக இல்லாமலே மின்னைக் கடத்தும். அதைத் தோண்டும் போகல சுரங்கம் எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது. கடத்தி, காவலி இரண்டையும் காட்ட வேறு மண்ணைத் தேட வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. பற்றரி 1.5 வோல்ட், லயத்துச் சுவரில் வருவது 230. நூற்றைம்பது மடங்குக்கும் மேல். பிளக்கில் கம்பி செருகிப் பார்க்கும் வயது இது. அதனால் சுவர் மின்சாரத்தைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஒரு பிள்ளை பாட்டியின் பழைய டோர்ச்சோடு வந்தாள். எரிந்தது. "ஸ்பிரிங்கில துரு, டீச்சர். அங்கதான் வழி அறுந்திருந்திச்சு. சுரண்டி விட்டேன்."