ரிசீவரைத் தூக்கும் இயந்திரக் கை!

டெலிபோன் மணி அடிக்கிறது. மேஜை அருகே யாரும் இல்லை. திடீர் என்று ரிசீவர் தானாக மேலே எழும்புகிறது!

பேயா? பிசாசா?

இரண்டும் இல்லை. ஒரு சிறிய இயந்திரக் கை அதைத் தூக்கிவிடுகிறது. மேஜைக்கு உரியவர், தூரத்தில் பைல் அலமாரி முன் நின்றபடியே பேசுகிறார். அவர் தலையில் மாட்டி இருப்பது, கம்பி இல்லாத ஹெட்செட்!

கழுத்து வலி

நாள் முழுவதும் போனில் பேசுவதே சிலருக்கு வேலை. ஒரு கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு எழுதுவது கஷ்டம். ஆகவே, காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொள்கிறார்கள். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து இருக்கிறது. நாளடைவில் கழுத்து வலிக்கிறது.

ஹெட்செட் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

சந்திரனில் இருந்து வந்த குரல்

ஹெட்செட் புதிது அல்ல. 1910-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நதானியேல் பால்டுவின் என்பவர், வீட்டுச் சமையல் அறையில் வைத்துக் காதுக் கருவிகள் செய்தார். அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கியது!

1961-ல் விமானிகள் இருவர் "பிளான்ட்ரானிக்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். விமானிகளுக்காக, எடை குறைந்த ஹெட்செட்டை அது தயாரித்தது. 1969-ல் ஆம்ஸ்டிராங் சந்திரனில் நின்று பேசியது, இந்தக் கம்பெனியின் ஹெட்செட் வழியாகத்தான்!

போனை எடுப்பது யார்?

இப்போது கம்பியும் போய்விட்டது. ஹெட்செட்டும், மேஜை மேல் உள்ள அதன் பெட்டியும் ரேடியோ அலை மூலம் பேசிக்கொள்கின்றன. அந்தப் பெட்டியை டெலிபோனுடன் இணைக்கிறார்கள்.

ஆனால், ஒரு சிக்கல் உண்டு.

ரிசீவர் வைக்கும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ரிசீவரை எடுத்தால்தான் அது மேலே எழும்பும். அப்போதுதான் பேச முடியும். ஹெட்செட் பொத்தானை மட்டும் அமுக்கினால் போதாது. ரிசீவரை யாராவது எடுக்க வேண்டும்!

அதற்குத்தான் இயந்திரக் கை. பொத்தானை அமுக்கியதும் அது ரிசீவரைத் தூக்கும். மறுபடி அமுக்கினால், கீழே வைத்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில டெலிபோன்களில் இதற்கு என்றே தனி இணைப்பு உண்டு. ஒரு சிறு கம்பியைச் செருகினால் போதும். "எடு", "வை" என்ற கட்டளை மின்சாரம் மூலமே போய்விடும். ரிசீவர் அசையவே அசையாது!

எவ்வளவு தூரம்?

இதில் இரண்டு வகை உண்டு. "புளூடூத்" வகை, சாதாரணமாகச் சுமார் 10 மீட்டர் தூரம் வரை கேட்கும். "டெக்ட்" வகை, வெட்டவெளியில் சுமார் 100 மீட்டர் வரை எட்டும். நடுவே சுவர்கள் இருந்தால் தூரம் குறையும்.

வெளிநாட்டில் இருந்து வாங்கி வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் "டெக்ட்" அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரை. ஒரு நாட்டுக் கருவியை எல்லா நாட்டிலும் பயன்படுத்த முடியாது.

உஷார்!

எழுந்து நடக்கலாம் என்பது வசதி. அதுவே ஆபத்தும் கூட! பேசி முடித்ததும் பொத்தானை அமுக்க மறந்தால், இணைப்பு அப்படியே இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் சொல்லும் ரகசியம், எதிர்முனையில் இருப்பவர் காதிலும் விழும்!

2008-ம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த மாநாட்டில், ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மலிவான கம்ப்யூட்டர் அட்டை ஒன்றை வைத்தே, சில "டெக்ட்" போன்களின் பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே, பேச்சைப் பிறர் கேட்காதபடி பூட்டி அனுப்பும் கருவியையே வாங்க வேண்டும்.

வாங்கும் முன் டெலிபோனின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அதற்குக் கம்பி இணைப்பு உண்டா, இயந்திரக் கை தேவையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

மாலையில் ஹெட்செட்டை அதன் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவு முழுவதும் மின்சாரம் ஏறும். காலையில் மறுபடியும் பேசலாம்!