கடலில் ஆண், கரையில் பெண்

சென்னையை அடுத்த கோவளம் மீனவர் குப்பத்தில் எது ஆண் வேலை, எது பெண் வேலை என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னே ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் ஆண். படகு கரை சேர்ந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸோடு அடுக்கி, தலையில் சுமந்துபோய்க் காசாக்குகிறவர் பெண். பெண் படகேறுவது வழக்கமில்லை. ஆண் கூடை தூக்குவது கௌரவமில்லை. தெற்கே நாகப்பட்டினம் வரை பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, யார் பிழைப்பது, யார் சாவது என்பதிலும் இந்த ஏற்பாட்டுக்குக் கை இருந்தது. கடலூர்ப் பகுதியில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆழ்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் நழுவிப்போன அலைதான் கரையில் மலையாக எழுந்தது. படகுகளுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்த பெண்களும் நீச்சல் தெரியாமல், சேலை காலைச் சுற்ற, அதில் சிக்கினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியது. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் கரையில் நின்று காத்திருந்தவர்கள் பெண்கள், திரும்பி வராதவர்கள் ஆண்கள். உனக்கு இது, எனக்கு அது என்று போட்ட ஒரே கோடுதான் இரண்டு முறையும் ஆளைப் பிரித்துக் கொன்றது.

பாலினப் பாகுபாட்டால் ஆண்களுக்கும் பாதிப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை இந்தக் கோட்டில் இருக்கிறது. உண்டு, அதுவும் எண்ணிச் சொல்லும் அளவுக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். கால்வாசிக்கு மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நம் ஊரில் உத்தியோகம் புருஷ லட்சணம். வேலை போன ஆணுக்குச் சம்பளத்தோடு அந்த லட்சணமும் போய்விடுகிறது. கடன்காரன் வாசலில் நிற்பதை மனைவியிடம் சொல்ல வாய் வராது, ஏனென்றால் ஆம்பளை அழக்கூடாது. மனநல மருத்துவரிடம் போவதைவிட டாஸ்மாக் கடைக்குப் போவது அவருக்கு எளிது. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மது அருந்தும் ஆண்கள் 25.4 சதவீதம், பெண்கள் 0.3 சதவீதம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் இறங்கிச் சாகிறவர்களும் அநேகமாக ஆண்களே. இங்கே சாதியைச் சொல்லாமல் ஆண் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும்.

அப்படியானால் ஒடுக்கப்படுவது ஆண்தானா? அந்த முடிவுக்குத் தாவ முடியாது. அதே குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குக் கொடுக்கும் நேரம் நாளுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஆதாயம் ஆண் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஆதாயத்தை அனுபவிக்கிறவரும் அதற்கு விலை கொடுக்கிறவரும் பல சமயம் ஒரே ஆண் இல்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிச் சம்பளத்துக்குப் போகிறவருக்கு வீட்டில் காபி கைக்கு வருகிறது. சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற அதே விதிக்குத் தொட்டிக்குள் இறங்குகிறவர் உயிரைக் கொடுக்கிறார். ஆண்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் பல குரல்களில் இந்த இரண்டாவது ஆள் வருவதே இல்லை. விவாகரத்தும் ஜீவனாம்சமும்தான் வருகின்றன.

அந்தப் புகாரையும் பார்த்துவிடலாம். சட்டமெல்லாம் பெண் பக்கம், கணவர் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவில் பொய் வழக்குப் போட்டார்கள் என்கிறார்கள். பொய் வழக்குகள் இல்லாமல் இல்லை; அதனால்தான் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆண்களைக் கைவிட்ட சட்ட ஓட்டை உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. ஆணை வன்புணர்ந்தவரைத் தண்டிக்கப் பயன்பட்ட பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் இல்லை. வயது வந்த ஆண் ஒருவர் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானால், பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. பாதிக்கப்படுகிறவர் எந்தப் பாலினராகவும் இருக்கலாம் என்று 2013இலேயே நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆணுக்கு இப்படி நடக்குமா என்ற நினைப்பு, பெண்ணைப் பலவீனமானவள் என்று எழுதிவைத்த அதே கையின் வேலை.

ஆண்களின் துன்பத்தைப் பேசினால் பெண்களின் கோரிக்கை நீர்த்துப்போகும் என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ எழுதிய பெரியார், ஆண்மை என்ற கருத்தே ஒழியாமல் பெண் விடுதலை இல்லை என்று வாதிட்டார். ஆண்மை ஒழிந்தால் ஆணுக்கும் மூச்சு வரும் என்று அதை நீட்டிப் படிப்பதில் தவறில்லை. மகளிர் இலவசப் பேருந்தையும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையையும் கேலி பேசும் ஆண்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். 2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 78.8 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள், பெண்களில் 41.7 சதவீதம். மனைவியின் சம்பளமும் வருகிற வீட்டில் வேலை போன ஆண் நாலு மாதம் தாக்குப்பிடிப்பார். அவள் வேலைக்குப் போவதைத் தடுக்கிறவர் தன் தலையில் தானே பாரம் ஏற்றிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் அண்ணனோ தம்பியோ கணவரோ சில நாட்களாகப் பேச்சைக் குறைத்திருந்தால், என்ன ஆச்சு என்று கேளுங்கள். கேட்டும் சொல்லாவிட்டால் மனநல உதவிக்கான 104 அல்லது 14416 என்ற எண்ணை அவர் கைபேசியில் பதிந்து கொடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.