டாக்டர் சீட்டில் வீடியோ கேம்! ஏடிஹெச்டி குழந்தைகளின் கவனத்தை கேம் உண்மையிலேயே கூட்டுமா?

"எப்பப் பார்த்தாலும் கையில கேம்தானா?" என்று திட்டு வாங்காத குழந்தைகள் இன்று குறைவு. அதே கேமை டாக்டரே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. 2020 ஜூன் 15-ம் தேதி, அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, 'எண்டெவர்ஆர்எக்ஸ்' என்ற வீடியோ கேமுக்கு சிகிச்சைக் கருவியாக அனுமதி வழங்கியது. கேம் வடிவில் இருக்கும் ஒரு சிகிச்சைக்கு எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்தது அதுவே முதல் முறை.

செய்தி வந்ததும் 'மாத்திரைக்குப் பதில் கேம்' என்று உலகம் முழுக்க பேச்சு கிளம்பியது. ஆனால் எஃப்.டி.ஏ சொன்னது அது இல்லை. என்னதான் சொன்னது?

ஏடிஹெச்டி என்றால் சேட்டையா?

இல்லை. தமிழில் 'கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடு' என்கிறார்கள். சொல்வதை முழுதாகக் கேட்க முடியாமல் போவது, தொடங்கியதைப் பாதியில் விடுவது, பென்சில் முதல் தண்ணீர் பாட்டில் வரை தொலைத்துவிட்டு வருவது ஒரு பக்கம். ஒரு இடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, வரிசையில் காத்திருக்க முடியாத அவசரம் இன்னொரு பக்கம். சிலருக்கு முதல் வகை மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எல்லா குழந்தையும் இப்படித்தானே என்று தோன்றலாம். அதற்காகத்தான் டாக்டர்களுக்கு அளவுகோல் இருக்கிறது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட வேண்டும். குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டு பள்ளியில் சமத்தாக இருக்கும் குழந்தைக்கு ஏடிஹெச்டி என்று யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

அந்த கேமில் என்ன இருக்கிறது?

இதன் வேர் 2013-ல் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த நரம்பியல் விஞ்ஞானி ஆடம் கஸாலி, 'நியூரோரேசர்' என்ற கேமை வைத்து செய்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானது. விளையாடியவர்கள் குழந்தைகள் அல்ல, 60 முதல் 85 வயதுக்காரர்கள்! காரை ரோட்டை விட்டு இறங்காமல் ஓட்ட வேண்டும், அதே நேரம் குறிப்பிட்ட அடையாளம் திரையில் வந்தால் மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். தொடர்ந்து பயிற்சி எடுத்த பெரியவர்களின் கவனத் திறன் கூடியதாக அந்த ஆய்வு சொன்னது.

அந்த நுட்பத்தை வாங்கி, 'அகிலி' என்ற நிறுவனம் குழந்தைகளுக்காக உருவாக்கியதுதான் எண்டெவர்ஆர்எக்ஸ். டேப்லெட்டை சாய்த்து சாய்த்து வண்டியை ஓட்ட வேண்டும். நடுவில் எட்டிப் பார்க்கும் உயிரினங்களில் சரியானதை மட்டும் தட்ட வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. பார்க்க சாதாரண கேம் மாதிரிதான். ஆனால் உள்ளே இருக்கும் நிரல், குழந்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு சரியாக செய்கிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டு கஷ்டத்தை ஏற்றும், இறக்கும். சுலபமாகி போரடிக்கவும் கூடாது, கஷ்டமாகி கைவிடவும் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை, கூடவே 'தட்டாதே' என்று கையைக் கட்டுப்படுத்தும் வேலை. பயிற்சி என்று சொல்வது இதைத்தான்.

348 குழந்தைகள்... ஒரு சோதனை

அனுமதிக்கு முக்கிய ஆதாரமாக அமைந்தது, 8 முதல் 12 வயது வரையிலான 348 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு. 2020-ல் 'தி லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வெளியானது. குழந்தைகளை குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 180 பேருக்கு இந்த கேம். மீதி 168 பேருக்கு எழுத்துகளைக் கோத்து வார்த்தை உருவாக்கும் வேறொரு கேம். இருவருக்கும் ஒரே நேரம்: தினம் 25 நிமிடம், வாரம் 5 நாள், மொத்தம் 4 வாரம். இப்படி செய்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்த கேம் கொடுத்தாலும் 'ஏதோ சிகிச்சை நடக்குது' என்ற நம்பிக்கையே கொஞ்சம் மாற்றத்தைக் காட்டிவிடும். அதைக் கழித்துப் பார்க்கத்தான் இரண்டாவது கேம்.

முடிவு என்ன? 'டோவா' என்ற கணினித் தேர்வில் வித்தியாசம் தெரிந்தது. 20 நிமிடத்துக்கும் மேல் திரையில் கட்டங்கள் வந்து போகும், சரியான கட்டத்துக்கு மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். வேண்டுமென்றே போரடிக்கும்படி செய்யப்பட்ட தேர்வு அது. எண்டெவர் விளையாடிய குழந்தைகளின் கவன மதிப்பெண் சராசரியாக 0.93 கூடியது. வார்த்தை கேம் விளையாடியவர்களுக்கு 0.03 மட்டுமே.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று பெற்றோர் போட்ட மதிப்பெண்ணில் இரண்டு குழுவுமே முன்னேறியிருந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! அதாவது, கணினித் தேர்வில் கவனம் கூடியது உண்மை; ஆனால் ஹோம்வொர்க் மேஜையில் இந்த கேமால்தான் மாற்றம் வந்தது என்று இந்த ஆய்வை வைத்து சொல்ல முடியாது. ஆய்வாளர்களே இதை மறைக்கவில்லை. ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளுக்கு மாற்றாக இதைச் சொல்ல இந்த முடிவுகள் போதாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அகிலி நிறுவனம்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பக்கவிளைவு பெரிதாக இல்லை. எண்டெவர் குழுவில் 12 பேருக்கு எரிச்சல், தலைவலி போன்றவை வந்தன. மற்ற குழுவில் 3 பேருக்கு. தீவிரமான பாதிப்பு யாருக்கும் இல்லை.

எஃப்.டி.ஏ-வின் வார்த்தைகளும் கவனமானவை. கணினித் தேர்வால் அளக்கப்படும் கவனத்தை இது மேம்படுத்தும். துறுதுறுப்பு போன்ற நடத்தை அறிகுறிகளில் பலன் தெரியாமல் போகலாம். மருந்து, சிகிச்சை ஆலோசனை, கல்வி உதவி ஆகியவை அடங்கிய திட்டத்தில் ஒரு பகுதியாகவே பயன்படுத்த வேண்டும். 'மாத்திரைக்குப் பதில்' என்று எங்கேயும் இல்லை.

கேமில் கெட்டிக்காரர்... வகுப்பில்?

இது எண்டெவரின் தனிப்பிரச்னை இல்லை. 2005-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தைச் சேர்ந்த டார்கெல் கிளிங்பெர்க், ஏடிஹெச்டி உள்ள 53 குழந்தைகளுக்கு நினைவாற்றல் பயிற்சி கொடுத்து ஆய்வு செய்தார். அதுதான் 'காக்மெட்' என்ற பெயரில் பரவியது. பெற்றோர் கண்ணுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியர்கள் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை.

ஒன்றைப் பழகினால் அதிலும், அதை ஒத்ததிலும் தேர்ச்சி வருவது இயல்பு. தினமும் செஸ் ஆடினால் செஸ் நன்றாக வரும். கணக்குப் பாடமும் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. இந்தத் தாண்டல் நடக்கிறதா என்பதுதான் இந்தத் துறையின் பெரிய கேள்வி. 2023-ல் 'மாலிக்யுலர் சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 36 சோதனைகளை ஒன்றாக அலசியது. குழந்தை என்ன பயிற்சி எடுத்தது என்று தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஏடிஹெச்டி-யின் மொத்த அறிகுறிகளில் பலன் தெரியவில்லை. கவனக்குறைவில் சிறிய, கொஞ்ச காலமே நிற்கும் மாற்றம். நினைவாற்றல் சோதனையில் ஓரளவு முன்னேற்றம். அவ்வளவுதான்.

விளம்பரத்தில் வரும் 'மூளைப் பயிற்சி' ஆப்கள்?

டவுன்லோடு பண்ணும் முன் ஒரு விஷயம். 'லுமாசிட்டி' ஆப்பை நடத்திய நிறுவனம், ஏடிஹெச்டி பாதிப்பைக் கூட குறைக்கும் என்று போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஆப் ஸ்டோரில் கிடைக்கும் பெரும்பாலான கேம்கள் எண்டெவர் சந்தித்த மாதிரியான சோதனையைக் கூட சந்திக்காதவை. ஆகவே பார்க்க வேண்டியது ஸ்டார் ரேட்டிங்கை அல்ல: வேறொரு கேமோடு ஒப்பிட்டு சோதித்தார்களா, ஆசிரியருக்கு மாற்றம் தெரிந்ததா, பணம் கொடுத்தது யார்? ஓடிக்கொண்டிருக்கும் மருந்தையோ தெரபியையோ கேமை நம்பி நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேட்காமல் யோசிக்கவே வேண்டாம்.

அகிலி என்ன ஆனது?

2022-ல் சுமார் 100 கோடி டாலர் மதிப்பில் அமெரிக்கப் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது. ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கேமுக்குப் பணம் கொடுக்க முன்வரவில்லை. 2023-ல் மருந்துச் சீட்டு வழியைக் கைவிடுவதாக அறிவித்து, ஊழியர்களில் சுமார் 40 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் 13 முதல் 17 வயதினருக்கும் எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது. 2024 ஜூனில் பெரியவர்களுக்கான 'எண்டெவர்ஓடிசி' சீட்டில்லாமலே விற்க அனுமதி வந்தது. அந்த வருடமே 'விர்ச்சுவல் தெரபியூட்டிக்ஸ்' என்ற நிறுவனம் சுமார் 3.4 கோடி டாலருக்கு அகிலியை வாங்கிக்கொண்டது.