ஒரே மருந்து, இரண்டு எண்ணெய்

வத்தலக்குண்டு வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோய் புதிதல்ல. மடி வீங்கி, பால் திரிதிரியாக வரும்போது கால்நடை மருத்துவர் காம்புத் துளை வழியே ஒரு பிளாஸ்டிக் ட்யூப் மருந்தை ஏற்றுவார். அந்த ட்யூபுக்குள் இருப்பது பெரும்பாலும் கரைசல் அல்ல. எண்ணெயில் கரையாமல் பரவி நிற்கும் ஆன்டிபயாடிக் துகள்கள்.

பெனிசிலின் வகை மருந்துகள் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், எண்ணெயில் தாங்கும். ஆனால் துகள் அடியில் படிந்துவிட்டால் காம்புக்குள் வெறும் எண்ணெய்தான் போகும். அதனால் மருந்தை மிக நுண்ணியதாக அரைக்கிறார்கள். துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் கால்வாசியாகிவிடும். ஆனால் பொடி நைசாக ஆக, எண்ணெய் தடித்துப்போகும். குளிரில் இன்னும் தடிக்கும். ஈரம் சிறிது புகுந்தாலும் துகள்கள் ஒட்டிக் கட்டிதட்டும்.

இங்கேதான் அலுமினியம் மோனோஸ்டியரேட் என்ற பொருள் கைகொடுக்கிறது. எண்ணெயில் இதைச் சூடாக்கிக் கலந்து ஆறவிட்டால் கூழாகிறது. சும்மா இருக்கையில் இறுகித் துகளைப் பிடித்துவைக்கும். அழுத்தினால் இளகி ஓடும். கையை எடுத்ததும் மெல்ல மறுபடி இறுகும். 1940களில் மனிதர்களுக்குப் பெனிசிலினைக் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்து ஊசி போட்டார்கள். பிறகு மெழுகின் இடத்தில் 2 சதவீத அலுமினியம் மோனோஸ்டியரேட் வந்தது. ஒரே ஊசியின் மருந்து நாலு நாள் வரை ரத்தத்தில் நின்றது. யாஸ் என்ற தோல் நோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்தது இந்த ஊசியைத்தான்.

மடிக்கும் இதே கணக்குதான். கறக்கும் மாட்டுக்கான ட்யூபில் கிளாக்சசிலின் சோடிய உப்பாக, பாலில் சட்டெனப் பரவும் இளகிய எண்ணெயில் இருக்கும். வற்றிய சினைமாட்டுக்கான ட்யூபில் அதே கிளாக்சசிலின் எளிதில் கரையாத பென்சத்தீன் உப்பாக, கெட்டியான எண்ணெயில் இருக்கும். மடிக்குள் வாரக்கணக்கில் தங்கும். மருந்தின் பெயர் ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வற்றிய மாட்டு ட்யூபைக் கறக்கும் மாட்டுக்குப் போட்டால் மருந்து வெகுநாள் பாலில் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பால் தயிராக உறையத் திணறும்; பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் குடித்தால் ஆபத்தும் உண்டு.

ஆகவே, மிச்சமிருக்கும் ட்யூபை நீங்களாகவே எடுத்துப் போடாதீர்கள். கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழைத்துக் கேளுங்கள். மருத்துவர் சொன்ன கெடு முடியும்வரை அந்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.