பிளேடு ஏன் நழுவுவதில்லை?

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தோட்டத்தில் விழுந்த தேக்கையும் வாகையையும் விறகு விலைக்குத்தான் கொடுத்தேன். ஏற்றிப்போக ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. இப்போது மரம் கிடக்கும் இடத்திலேயே வைத்து அறுக்கும் சின்ன மெஷின் வந்திருக்கிறதாம். விலையும் மலிவு. வருஷத்துக்கு நாலைந்து மரம் அறுப்பேன். வாங்கலாமா?"

விளம்பரக் காணொளியைப் பார்த்தேன். அதில் எந்த மரத்திலும் ஆணி இல்லை, எந்தப் பலகையும் கோணவில்லை, யாருக்கும் வேர்க்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் குதிரைத்திறன் பேசுகிறார்கள்: 7, 9, 15. குதிரைத்திறன் கூடினால் வேகமாக அறுக்கலாம், அவ்வளவுதான். நேராக அறுக்குமா என்பது பிளேடு ஓடும் சக்கரத்தின் கையில் இருக்கிறது. சக்கரத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை.

வாள்பட்டறையில் மரம் நகரும், ரம்பம் நிற்கும். இந்த மெஷினில் மரம் கிடந்தபடி கிடக்க, ரம்பம் இரண்டு தண்டவாளங்களின் மேல் நகர்ந்து வருகிறது. 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு முக்கால் டன் எடை வரும் என்பதால், இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. பிளேடு சுமார் 4 மீட்டர் நீள எஃகு நாடா. இரு முனையும் பற்றவைத்து வளையமாக்கியது. அகலம் 32 மில்லிமீட்டர், தடிமன் 1.1 மில்லிமீட்டர். ஒவ்வொரு அறுப்பிலும் இது தூளாக்குவது 2 மில்லிமீட்டர் மரத்தை. செயின்சாவில் பலகை அறுத்தால் 8 மில்லிமீட்டர் போகும். 40 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டையில் 25 மில்லிமீட்டர் பலகைகள் இதில் 14 தேறும், செயின்சாவில் 12. "பாதி மரம் மிச்சம்" என்று விற்பவர் சொன்னால், மிச்சமாவது இரண்டு பலகை என்று நினைவில் வையுங்கள்.

சக்கரத்துக்கு வருவோம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே இந்த நாடா நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சக்கரத்தில் பள்ளம் வெட்டியிருக்காது, ஓரத்தில் தடுப்பும் இருக்காது. போதாக்குறைக்கு விளிம்பின் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும். மேட்டில் வைத்த பொருள் சரிந்து விழுவதுதானே வழக்கம்? பிளேடோ விழாததோடு, ஓரத்தில் வைத்தாலும் தானாக மேட்டுக்கு ஏறிக்கொள்கிறது.

கடற்கரையில் சுண்டல் கட்டித் தரும் கூம்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டலை முதலில் தின்று முடித்துவிடுவது நல்லது; ஆராய்ச்சிக்குப் பட்டாணி இடைஞ்சல். நேரான காகித நாடா ஒன்றை வெட்டி, அதன் நடுப்பகுதியைப் பொட்டலத்தின் இடுப்பில் குறுக்காக வைத்து, சுருக்கம் விழாமல் இரு பக்கமும் சுற்றுங்கள். இரண்டு முனைகளும் பொட்டலத்தின் வாயை நோக்கி ஏறும். வலுக்கட்டாயமாகக் கூர்முனைப் பக்கம் இழுத்தால் நாடா கசங்கும். மேடு எது, பள்ளம் எது என்ற விசாரமெல்லாம் நாடாவுக்குக் கிடையாது. கசங்காமல் படுக்க வேண்டும், அவ்வளவே. கூம்பின் மேல் கசங்காமல் படுக்க ஒரே வழி அகன்ற பக்கமாகச் சாய்வது.

இப்போது பொட்டலத்தைச் சுழல விடுங்கள். அதை நோக்கி வரும் நாடா ஏற்கெனவே வாய்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு புதுப் பகுதியும் முந்தையதைவிட மயிரிழை அளவு வாய்ப்பக்கம் தள்ளி வந்து உட்காரும். இன்னொரு பொட்டலம் வாங்கி, இரண்டையும் வாயோடு வாய் ஒட்டுங்கள். இடப்பொட்டலத்தில் ஓடும் நாடா வலப்பக்கம் ஏறும், வலப்பொட்டலத்தில் ஓடுவது இடப்பக்கம் ஏறும். எங்கே தொடங்கினாலும் வாய்கள் சேரும் வரம்பில் வந்து நிலைத்துவிடும். அந்த வரம்பை மழுங்கத் தேய்த்து, இரு கூர்முனைகளையும் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அச்சில் மாட்டினால் மெஷினின் சக்கரம் தயார். மூன்றாவது பொட்டலம் அறிவியலுக்குத் தேவையில்லை. மாங்காய்த் துண்டு போட்டிருந்தால் வாங்கலாம்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: லண்டனில் வில்லியம் நியூபெரி 1808இல் நாடா ரம்பத்தை யோசித்தார். பற்றவைத்த இடம் அறுந்துகொண்டே இருந்ததால் அது வெறும் யோசனையாகவே கிடந்தது. 1846இல் பிரான்ஸில் கிரெப்பின் என்ற பெண்மணி உறுதியான இணைப்புக்கு வழி கண்டார். 1982இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் தொடங்கிய வுட்மைசர் நிறுவனம் நாடா ரம்பத்தைத் தோட்டத்துக்கு இழுத்துப்போகும் வண்டியாக்கிப் பரப்பியது. இன்றைய மலிவு மெஷின்கள் பலவும் அந்த அமைப்பின் சாயல்தான்.

சாயலில் எங்கே சிக்கனம் செய்கிறார்கள்? மலிவு மெஷின்களில் சக்கர விளிம்பின் மேல் ரப்பர் பெல்ட் ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதன் உருண்ட முதுகுதான் மேடு. ரப்பர் தேய்ந்து தட்டையானால் மேடு போயிற்று, பிளேடு அலையத் தொடங்கும். அடுத்தது இழுவிசை. 1.1 மில்லிமீட்டர் தகடு மரத்துக்குள் வளையாமல் போவதற்குக் காரணம் அதை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதே. ஓடும்போது பிளேடு 40 டிகிரி சூடேறினால் 4 மீட்டர் நாடா ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். விறைப்பில் பெரும்பங்கு அப்போதே தளர்ந்துவிடும். நல்ல மெஷினில் இந்தத் தளர்வை ஈடுகட்ட ஸ்பிரிங்கோ ஹைட்ராலிக் அமைப்போ உண்டு. மலிவானதில் வெறும் திருகு. இதோடு பல்லும் மழுங்கியிருந்தால், அழுத்தித் தள்ளத் தள்ளப் பிளேடு பக்கவாட்டில் நெளியும். பலகை அலை அலையாக வரும், அதை இழைத்துச் சமன் செய்வதற்குள் மிச்சம் பிடித்த இரண்டு பலகையும் தூளாகிவிடும்.

பல் மழுங்க நம் ஊரில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. பட்டையில் ஒட்டிய மண் போதும். வீட்டோர மரமானால் கொடிக்கம்பி, விளம்பரத் தட்டி, கட்சிப் பலகை என்று ஆணி அடித்த பல தலைமுறை வரலாறு உள்ளே புதைந்திருக்கும். தென்னை தனி ரகம். வெளிப்பக்கம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கெட்டியாகவும் நடுவில் 400 கிலோவுக்கும் கீழே சோளத்தண்டாகவும் இருப்பதோடு, சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரமே மழுக்கிவிடும். ஆகவே மெஷின் விலையோடு உதிரி பிளேடு, சாணை பிடிக்கும் செலவு, மெட்டல் டிடெக்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அறுத்த பலகையை அடுக்குக்கு அடுக்கு குச்சி கொடுத்து, நிழலில் மாதக்கணக்கில் காயவைக்கவும் இடம் வேண்டும். பச்சைப் பலகையில் செய்த கதவு முதல் கோடையிலேயே வாய் பிளக்கும்.

சட்டமும் இருக்கிறது. கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளால் மர அறுவைத் தொழிலுக்கான உரிமக் கட்டுப்பாடு இறுகியது. உங்கள் பட்டா நிலத்து மரத்தை உங்களுக்காக மட்டும் அறுக்கும் நகரும் மெஷினுக்கு உரிமம் வேண்டுமா என்று மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது செல்லாது.

பட்டுக்கோட்டை வாசகருக்கு என் முடிவு: வருஷத்துக்கு நாலைந்து மரத்துக்காகத் தனியாக வாங்க வேண்டாம். துண்டு போட்டு டிராக்டரில் ஏற்றி வாள்பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அறுப்புக் கூலி உதிரி பிளேடு செலவைவிடப் பெரிதாக இராது. ஏற்ற முடியாத பெருமரங்கள் உள்ள ஊர்களில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் டிராக்டரையும் அறுவடை மெஷினையும் போல இதையும் பயிற்சி பெற்ற ஒருவரோடு வாடகைக்கு விடலாம். அப்படி வாங்கும்போது குதிரைத்திறனைக் கடைசியில் கேளுங்கள். முதலில் மூடியைத் திறந்து சக்கரத்தின் மேட்டைத் தடவிப் பாருங்கள், ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியை மூடச் சொல்லி, நீங்கள் கொண்டுபோன மரத்தில் ஒரு பலகை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரு முனையிலும் நடுவிலும் ஒரே கனம் இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.