குடித்தனம் வைத்து ஒரு சொந்த வீடு

கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனக்காரர் என்று வாழ்வது நம் ஆத்தூருக்குப் புதிதன்று. கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லும் ஒரு பெண், இம்முறையில் தன் முதல் வீட்டை வாங்க முடியுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்று போர்ஷன் உள்ள பழைய வீட்டுக்கு வங்கிக் கடன் 20 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். (முழு விலையையும் வங்கி தராது, மீதிக்கும் பத்திரச் செலவுக்கும் முன்பே சேமித்திருக்க வேண்டும்.) 9 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளுக்கு, மாதத் தவணை ஏறத்தாழ 18,000. ஒன்றில் தான் குடியிருந்து, மற்ற இரண்டையும் தலா 5,000-க்கு விட்டால், சம்பளத்திலிருந்து போவது 8,000. வேறிடத்தில் குடியிருந்தாலும் 5,000 வாடகை கொடுத்துத்தானே ஆக வேண்டும்!

ஆனால் ஒரு போர்ஷன் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 10,000 ரூபாய் துண்டு விழும். ஆகையால் ஆண்டுக்குப் பத்து மாத வாடகையையே வரவாக எழுதுவது நலம். மோட்டார் பழுது, வெள்ளையடிப்பு, வீட்டுவரி எல்லாம் வேறு. அட்வான்ஸ் பணமோ வரவே அன்று. காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய கடன். அதில் நகை வாங்கிவிட்டுத் தவிப்போரும் உண்டு!

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "தெரிந்தவர்தானே" என்று வாய்ச்சொல்லில் விட்டால் பின்னர் இரு தரப்புக்கும் மனக்கசப்பே.

20 ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 43 லட்சத்துக்கும் மேல். எனவே சம்பளம் உயர உயர அசலில் கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.