பெயர் ஒன்று, உடைமை வேறு

தென்காசிக்கு அருகில், சூரியகாந்தி வயல்களுக்குப் பெயர்பெற்ற ஊர் சுந்தரபாண்டியபுரம். பாண்டிய மன்னரின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வூரைப் பாண்டியர் இன்று ஆளவில்லை. ஆட்சிகள் மாறின, நிலங்கள் கைமாறின, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஓர் ஊரின் பெயரைக் கொண்டு அதன் இன்றைய உடைமையாளர் இவரெனக் கூற இயலாது. தொழில் நிறுவனங்களின் பெயரும் அத்தகையதே. அப்பெயர் ஒருவரால் சூட்டப்படும், வேறொருவரால் வாங்கப்படும், முற்றிலும் வேறான ஓரிடத்தில் உருவாகும் பொருளின்மீது பொறிக்கப்படும்.

ஆகவே, ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவோர் பெயர், ஆலை, உடைமை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அத்தகைய நூலில் இடம்பெறும் கட்டுரை விளம்பரத்தினின்றும் வேறுபட்டது. விளம்பரம் பொருளை விற்க எழுதப்படுவது. கலைக்களஞ்சியக் கட்டுரை உண்மையை அறிவிக்க எழுதப்படுவது. இவ்வேறுபாட்டை, தமிழ்நாட்டிலும் ஆலை அமைத்துள்ள ஜெர்மானிய மகிழுந்து நிறுவனமான பி.எம்.டபிள்யூ.வின் வரலாற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

பெயரும் சின்னமும்

பி.எம்.டபிள்யூ. என்பது 'பவேரிய எஞ்சின் தொழிற்சாலை' எனப் பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கம். பவேரியா, ஜெர்மனியின் தென்பகுதி மாநிலம். மியூனிக் அதன் தலைநகர். அந்நகரில் வானூர்தி எஞ்சின்களை உருவாக்கிய ராப் நிறுவனம் 1917இல் இப்பெயரைச் சூடிக்கொண்டது. 1922இல் காமிலோ காஸ்டிலியோனி என்னும் முதலீட்டாளர், அதன் எஞ்சின் தொழிலைப் பெயரோடு சேர்த்து விலைக்கு வாங்கினார். அவற்றை, 1916இல் தொடங்கப்பட்டிருந்த பவேரிய வானூர்தி ஆலை என்னும் வேறொரு நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அந்நிறுவனமே பி.எம்.டபிள்யூ. எனப் பெயர் மாறியது. இதனால், நிறுவனத்தின் தொடக்க ஆண்டு 1916 என்றும், பெயர் பிறந்த ஆண்டு 1917 என்றும் அமைந்தன.

நீலமும் வெண்மையும் கலந்த அதன் வட்டச் சின்னம், சுழலும் வானூர்தி விசிறியைக் குறிப்பதாகப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அவை பவேரிய மாநிலத்தின் நிறங்கள். 1929இல் வெளிவந்த ஒரு விளம்பரத்தில் சின்னம் விசிறியின்மீது பொருத்திக் காட்டப்பட்டது. அப்படமே பின்னாளில் வரலாறாகக் கொள்ளப்பட்டது. அழகிய கதை ஒன்று உண்மையை எவ்வாறு மறைக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆலையும் பெயரும் பிரிந்தபோது

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு வானூர்தி எஞ்சின் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. எனவே, நிறுவனம் வேறு தொழில்களை நாடியது. 1923இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1928இல் ஐசனாக் நகரின் வாகன ஆலையை வாங்கி, மகிழுந்துத் தொழிலில் நுழைந்தது. அவ்வாலையில் அப்போது உருவான சிறிய வண்டி, இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டதாகும்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஐசனாக் சோவியத் ஆதிக்கப் பகுதியில் அமைந்தது. மியூனிக் நிறுவனத்தின் கையைவிட்டு ஆலை சென்ற பின்னரும், அங்கு உருவான மகிழுந்துகள் பி.எம்.டபிள்யூ. என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. மியூனிக் நிறுவனம் நீதிமன்றத்தை அணுகியது. அதன் விளைவாக 1950களின் தொடக்கத்தில் ஐசனாக் வண்டிகள் இ.எம்.டபிள்யூ. எனப் பெயர் மாறின. சின்னத்தின் நீல நிறம் சிவப்பாயிற்று. ஆலை ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமும் தங்கின.

1998இல் இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்று நடந்தது. ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்து ஆலையை ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் வாங்கியது. ஆனால், அப்பெயரின் உரிமை வானூர்தி எஞ்சின் செய்யும் தனி நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. அதனிடமிருந்து பெயரைப் பயன்படுத்தும் உரிமையை பி.எம்.டபிள்யூ. பெற்றது. 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்துகள் இங்கிலாந்தில் அமைந்த பி.எம்.டபிள்யூ.வின் புதிய ஆலையில் உருவாகின்றன.

உடைமையாளர் யார்?

1950களின் இறுதியில் நிறுவனம் பெரும் இழப்பைச் சந்தித்தது. அதனை டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் ஆளுகைக்குள் கொண்டுசெல்லும் திட்டம் 1959 டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டத்தில் வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் அதனை எதிர்த்தனர். கணக்கறிக்கையில் குறை இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கூட்டத்தை ஒத்திவைக்கச் செய்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பின்னர், ஹெர்பர்ட் குவாண்ட் தம் பங்கை உயர்த்தி நிறுவனத்தைத் தாங்கினார். இன்றும் ஏறத்தாழப் பாதிப் பங்குகள் அவருடைய மக்களான ஸ்டெஃபான் குவாண்ட், சுசானே கிளாட்டன் ஆகியோரிடம் உள்ளன. எஞ்சியவை பங்குச்சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன.

சொல்லப்படாத பக்கம்

வெற்றிகளை மட்டும் தொகுத்துரைப்பது வரலாறாகாது. இரண்டாம் உலகப்போரின்போது பி.எம்.டபிள்யூ. வானூர்தி எஞ்சின்களைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. அவ்வாலைகளில் போர்க்கைதிகளும் அயல்நாட்டினரும் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்தோரும் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். குவாண்ட் குடும்பத்தாரின் மின்கல ஆலைகளிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. 2007இல் ஒளிபரப்பான ஆவணப்படம் அதனை மக்கள்முன் வைத்தது. அதன்பின் அக்குடும்பமே வரலாற்றறிஞர் ஒருவரிடம் ஆய்வை ஒப்படைத்தது. ஆய்வு 2011இல் நூலாயிற்று. இப்பகுதியை விடுத்து எழுதப்படும் கட்டுரை எத்துணை நுட்பமாயினும் விளம்பரமே ஆகும். பெயரின் புகழில் பங்குபெறாத அவ்வுழைப்பாளர்க்கு வரலாற்றிலேனும் இடம் தருதல் எழுதுவோரின் கடமை.

தமிழ் மண்ணில்

சென்னையை அடுத்த மகிந்திரா உலக நகரத்தில் 2007இல் பி.எம்.டபிள்யூ. ஆலை தொடங்கப்பட்டது. இங்கு வண்டியைப் பொருத்தி முடிப்போர் நம் நாட்டுத் தொழிலாளர், நிறுவனமோ ஜெர்மானியருடையது.

ஓசூரில் நிலை வேறு. 2013இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் தன் ஆலையில் பி.எம்.டபிள்யூ. பெயர் தாங்கிய மோட்டார் சைக்கிள்களை உருவாக்கி வருகிறது. அப்பெயர் ஜெர்மானியருடையது, ஆலை தமிழ்நாட்டு நிறுவனத்துடையது. டி.வி.எஸ். குழுமத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியிற் பிறந்தவர். அக்குழும மரபில் வந்த டி.வி.எஸ். மோட்டார், இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 2020இல் விலைக்கு வாங்கியது. இவ்வாறு அயலார் பெயருக்கு உழைத்த மண்ணே அயலார் பெயர் ஒன்றுக்கு உடைமையும் கொண்டது.

ஒரு வணிகப்பெயரைக் காணும்போது நாம் வினவ வேண்டியவை சில உள்ளன. இப்பெயரைச் சூட்டியவர் யார்? இன்று உரியவர் யார்? பொருள் உருவாகும் இடம் எது? உழைப்போர் யாவர்? இவற்றுக்குச் சான்றுடன் விடைகூறும் கட்டுரையே கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் தகுதியுடையது.